முதல் படகு வாங்கும் முன்: நான் வைத்திருந்த நான்கின் கணக்கு

பழவேற்காட்டில் படகு வாங்க வருகிறவர்கள் வாயைத் திறந்ததும் கேட்பது, "எத்தனை அடி? எத்தனை ஹெச்.பி.?" என்றுதான். அதெல்லாம் கடைசியில். நீங்கள் வலை போடப்போவது ஏரியிலா கடலிலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏரி என்றால் வடக்கே எவ்வளவு தூரம்? ஸ்ரீஹரிகோட்டாத் தீவை ஒட்டி ஆந்திரப் பக்கம் போகப்போகத் தண்ணீர் மெலிந்துகொண்டே வரும். ஏரியின் பெரும்பகுதியில் இறங்கி நின்றால் இடுப்பளவுதான். கோடையில் முழங்கால். கடல் என்றால் முகத்துவாரத்தைத் தினமும் இரண்டு முறை தாண்டவேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரே படகு சரிப்படாது. "எல்லாத்துக்கும் ஆகும்" என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

முப்பத்தைந்து வருஷத்தில் என் கையில் நான்கு மரம் இருந்தது. (கட்டுமரம் போய் ஃபைபர் வந்த பிறகும் எங்கள் வீட்டில் படகை 'மரம்' என்றே சொல்லிப் பழக்கம்.) ஒன்று அப்பா விட்டுப்போனது, ஒன்று இனாமாக வந்தது, இரண்டு காசு கொடுத்து வாங்கியது. அதிகம் செலவு வைத்தது அந்த இனாம்தான்.

கட்டுமரம் (1988–1995)

இன்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் யாரும் மரக்கட்டையில் கட்டிய கட்டுமரம் வாங்கப்போவதில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுமரம் மூழ்காது. கட்டைகளுக்கு இடையே தண்ணீர் வரும், போகும். இறைக்க வேண்டிய வேலையே இல்லை. அலையில் கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறி உட்காரலாம். ஆனால் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக வெயிலில் போடவேண்டும். சோம்பலில் இரண்டு நாள் விட்டால் கட்டை தண்ணீர் குடித்துக் கனக்கும், மரம் தாழ்ந்து மிதக்கும். பிடித்த இறால் வலையோடு கட்டினால்தான் தங்கும். பீடியும் தீப்பெட்டியும் தலைப்பாகைக்குள். ஏரியில் நடுப்பகலுக்கு மேல் எதிர்க்காற்று எழுந்தால் துடுப்புப் போட்டு வீடு சேர இருட்டிவிடும்.

குறிப்பு: இப்போது கிடைக்கும் ஃபைபர் கட்டுமரம் உள்ளே கூடாக இருக்கும், அல்லது தெர்மாகோல் அடைத்திருக்கும். வாங்கும்போது இரண்டு பேர் ஒரு முனையைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால், விலை பேசாமல் வந்துவிடலாம்.

பலகைப் படகு (1996–2004)

என்னிடம் இருந்ததில் மனசுக்குப் பிடித்தது இதுதான். 22 அடி, தட்டையான அடி, ஒரு சாண் தண்ணீர் இருந்தால் போதும், ஓடும். கழி ஊன்றித் தள்ளலாம். காற்று தோதாக இருந்தால் சின்னப் பாய். நாலு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். பாடு கிடைத்த ராத்திரிகளில் இதிலேயேதான் சமையல், இதிலேயே தூக்கம். பாடு என்பது எங்கள் ஊர் முறை: ஏரியில் கட்டு வலை போடும் இடங்களை எந்த நாளில் யார் எடுப்பது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வது. வலையைக் கட்டிவிட்டு, ஏற்றம் போய் வற்றம் தொடங்கும் வரை காத்திருக்கவேண்டும். ஸ்டவ்வில் மடவைக் குழம்பு கொதிக்கும். அடியில் மரம் இருந்ததால் படகு சூடேறாது, குளிராது. ஃபைபரில் படுத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். விடியற்காலையில் முதுகெல்லாம் ஈரம்.

இதன் தொல்லை பராமரிப்பு. பழைய பலகைப் படகு யாரிடமாவது நல்ல விலைக்குக் கிடைத்து, ஏரிக்குள் மட்டும்தான் தொழில் என்றால் வாங்குங்கள். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கீழ்க்கண்ட வேலைக்கு ஒரு வாரம் ஒதுக்க முடியுமா என்று யோசித்துவிட்டு.

1. படகைக் கரையேற்றி, அடியில் கட்டை கொடுத்து, நிழலில் காயவிடுங்கள். நேர் வெயிலில் காய்ந்தால் பலகை வெடிக்கும்.
2. பலகை சேரும் இடுக்குகளில் பழைய பஞ்சைச் சுரண்டி எடுங்கள். பாதி எடுத்துப் பாதி விடுவது பெரிய தப்பு. பழசின்மேல் புதுசு நிற்காது.
3. புதுப் பஞ்சுத் திரியை மழுங்கிய உளியால் சீராக அடித்து இறக்குங்கள். மிஞ்சி அடித்தால் பலகையே விலகும்.
4. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுங்கள். திறந்த வெளியில், காற்று அடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக் காய்ச்சவேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலைக் கொட்டுங்கள்.
5. தண்ணீரில் இறக்கியதும் முதல் நாள் கசியும். பதற வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் இரண்டு நாள் ஊறவிட்டால் பலகை உப்பி இடுக்கு தானாக மூடும்.

பலகைப் படகுக்கு உண்மையான எதிரி கப்பல் புழு. வெளியே குண்டூசித் தலை அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே பலகை தேன்கூடாகியிருக்கும். கூரான கம்பியால் அடிப்பலகையை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பாருங்கள். நான் ஒருமுறை சோம்பல்பட்டுக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது.

2004 டிசம்பர் 26 காலை இந்தப் படகு போயிற்று. பனைமரத்தடியில் அணியப் பலகை (முன்முனைப் பலகை) மட்டும் கிடைத்தது.

இனாம் ஃபைபர் (2005–2011)

சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகு வந்திறங்கியது. ஃபைபர் எங்களுக்குப் புதிதல்ல. 1980களிலேயே சென்னையில் தலைமையிடம் வைத்திருந்த வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் கரையில் ஏற்றி இறக்கத்தக்க ஃபைபர் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. ஆனால் 2005இல் வந்தது படகு வெள்ளம். உதவி செய்ய எல்லோருக்கும் அவசரம். ஒரு நாளும் படகு கட்டாத பட்டறைகள்கூடக் கட்டித் தந்தன. எனக்கு வந்தது 28 அடி, பத்து ஹெச்.பி. லாங் டெயில் டீசல் இன்ஜினோடு. கடலுக்கு அந்த நீளம் சரி. ஏரிக்காரனான எனக்கு அது அண்ணன் சட்டை. வற்றத்தில் நடு ஏரியில் தரை தட்டி, மூன்று பேர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்த நாட்கள் எத்தனையோ.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் படகுக்குள் நின்று வலை இழுக்கிறேன், குதிகால் அழுந்தியது. அப்பளத்தை மிதித்ததுபோல் ஒரு சத்தம். மேல்தோல் உரிந்து வந்தது. அடியில் ஃபைபர் மேட், ரெசின் குடிக்காமல் வெள்ளையாக, காய்ந்த பஞ்சுபோல் கிடந்தது. அடுக்குக்கு அடுக்கு ஒட்டவே இல்லை. எந்தப் பட்டறை கட்டியது என்று பெயர் சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் ஆறு வருஷத்தில் அதற்கு நான் கொட்டிய காசில் புதுசு ஒன்று கட்டியிருக்கலாம். அந்தப் படகு கற்றுக்கொடுத்ததுதான் அடுத்து வரும் சோதனை முறை.

பழைய ஃபைபர் படகைச் சோதிப்பது எப்படி

இப்போது என்னிடம் இருப்பது 20 அடி ஃபைபர், 2012இல் இரண்டாம் கையாக வாங்கியது. வாங்கும் முன் ஏழு படகு பார்த்து ஆறை வேண்டாம் என்றேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்; முன்னால் இருப்பவை காசில்லாத சோதனை, அதில் தோற்ற படகுக்குப் பின்னால் இருப்பவற்றில் நேரம் வீணாக்க வேண்டாம்.

1. படகு கரையில், காய்ந்து, காலியாக இருக்கும்போது பாருங்கள். தண்ணீரில் மிதக்கும் படகை விலை பேசாதீர்கள். புதுப் பெயின்ட் வாசனை வந்தால் காரணம் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் பலரும் பெயின்ட் அடிப்பார்கள், அது இயல்பு. ஐப்பசியில் ஒருவர் அடியில் மட்டும் அடித்திருந்தால் எதையோ மூடியிருக்கிறார்.

2. அணியத்தில் முழந்தாளிட்டு, ஒரு கண்ணை மூடிப் பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பு நேராக ஓடவேண்டும். நடுவில் வயிறு தள்ளியிருந்தால் உள்ளே விலா முறிந்திருக்கிறது.

3. சின்ன மரச் சுத்தியால், இல்லாவிட்டால் ஐந்து ரூபாய் நாணயத்தால், ஒரு சாணுக்கு ஒரு தட்டு. நல்ல இடத்தில் 'டங்'. அடுக்கு விட்ட இடத்தில் 'பொத்'. 'பொத்' கேட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். உள்ளங்கை அளவில் இரண்டு மூன்று வட்டம் என்றால் ஒட்டிக்கொள்ளலாம். அடி முழுக்க வட்டம் என்றால் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

4. அடித்தண்டைக் கையால் தடவுங்கள். மணலில் இழுத்து இழுத்து முதலில் தேய்வது அதுதான். நார் குத்தினால் தண்ணீர் உள்ளே ஏற ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

5. இன்ஜின் உட்காரும் இடம். ஃபைபருக்கு உள்ளே பிளைவுட் வைத்திருப்பார்கள், அது அழுகும். போல்ட் ஒன்றைத் தளர்த்திப் பாருங்கள். டீத்தண்ணீர் நிறத்தில் ஈரம் கசிந்தால் பிளைவுட் போச்சு. இதைச் சரிசெய்வது பெரிய செலவு, விலையில் கழியுங்கள்.

6. படகுக்குள் பத்து, இருபது வாளி தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, வெளியே சுற்றிப் பாருங்கள். ஓட்டையை வெளியிலிருந்து தேடுவதைவிட இது நூறு மடங்கு எளிது. வெளியே எங்கே ஈரம் படிகிறதோ அங்கே ஓட்டை.

7. கடைசிச் சோதனைக்குப் பலர் சம்மதிக்கமாட்டார்கள், ஆனால் விடாதீர்கள். இன்ஜினைக் கழற்றி, இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்தி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, விளிம்பில் இரண்டு பேர் உட்காருங்கள். உள்ளே அடைத்த தெர்மாகோல் நன்றாக இருந்தால் படகு மிதந்துகொண்டே இருக்கும். தரையில் போய் உட்கார்ந்தால், நாளை கவிழும்போதும் அப்படித்தான் உட்காரும். பிடித்துத் தொங்க ஒன்றும் மிஞ்சாது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர். விற்பவர் முணுமுணுத்தபோது, "பொண்ணு பாக்க வந்தவன் பாட்டுப் பாடச் சொல்றதில்லையா தம்பி, நீ ஊத்து" என்றார். உவமை இந்தக் காலத்துக்கு ஆகாது, சோதனை ஆகும்.

இன்ஜின்

லாங் டெயிலா, அவுட்போர்டா? ஏரிக்கு லாங் டெயில் என்பது என் கட்சி. நீளத் தண்டைக் கையால் அமுக்கித் தூக்கலாம். மண் மேடு வந்தால் விசிறியை மேலாக்கிக்கொண்டு ஓட்டலாம். டீசல் என் கணக்கில் மணிக்கு ஒன்றரை லிட்டர். பழுதானால் டிராக்டர் மெக்கானிக்கே பார்ப்பார். சத்தமும் அதிர்வும் அதிகம், மாலையில் காது 'ஙொய்' என்னும். காதில் பஞ்சாவது வையுங்கள்; நான் வைக்காததால் இப்போது வீட்டில் எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள். அவுட்போர்டு இலேசு, வேகம், கடலுக்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே அலசவேண்டும். ஒரு வாரம் மறந்தால் உப்பு பூத்துவிடும்.

பழைய இன்ஜின் வாங்கும்போது, நீங்கள் போகும் முன்பே விற்பவர் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அன்று வாங்காதீர்கள். குளிர்ந்த இன்ஜின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. லாங் டெயிலில் விசிறி முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். 'கடகட' என்றால் புஷ் தேய்ந்திருக்கிறது. அது சின்னச் செலவு, பயப்பட வேண்டாம்.

பாதுகாப்பு: தண்டைச் சுற்றி உறை இல்லாத லாங் டெயிலை வாங்கினால், முதல் வேலையாக உறை போடுங்கள். லுங்கி சுற்றிக்கொண்டால் ஆளையும் இழுத்துவிடும். அரைக்கால் சட்டை போதும், அழகு பார்க்க அங்கே யாருமில்லை.

இன்னொன்று. இன்ஜின் வைத்ததும் ஏரி முழுக்க நம்முடையது என்று தோன்றும். பாடு இடங்களில் நட்ட குச்சிகளுக்கு நடுவே ஓட்டினால் வலை அறுந்து, பஞ்சாயத்தில் நிற்கவேண்டும். புதியவர் என்றால், எந்த வழியாகப் போவது என்று அந்தந்தக் குப்பத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

வட்டமிட்ட இடத்தை ஒட்டுவது

1. 'பொத்' என்ற இடத்தைச் சுற்றி ஒரு சாண் கூடுதலாக, நல்ல அடுக்கு தெரியும்வரை கிரைண்டரால் தேய்த்தெடுங்கள். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். நார்த்தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது.
2. நல்ல தண்ணீரில் கழுவி இரண்டு நாள் காயவிடுங்கள். உப்பும் ஈரமும் மிச்சமிருந்தால் ஒட்டு மூன்று மாதத்தில் கழன்றுவிடும். என் முதல் ஒட்டு கழன்றது.
3. அசிட்டோனில் நனைத்த துணியால் துடையுங்கள். அருகே பீடி கூடாது.
4. ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி. வெயில் நாளில் 10 பக்கம் நில்லுங்கள். கூடினால் டப்பாவிலேயே புகைந்து இறுகிவிடும். அரை கிலோ அரை கிலோவாகக் கலக்குங்கள்.
5. மேட்டை ஓட்டையின் அளவுக்கு முதலிலும், அடுத்தடுத்துக் கொஞ்சம் பெரிதாகவும் வெட்டி வைத்து, ரெசின் தடவி உருளையால் அழுத்துங்கள். வெள்ளையாகத் தெரிகிற இடமெல்லாம் காற்று. ஒன்றையும் விடாதீர்கள்.

எச்சரிக்கை: ரெசினோடு கேட்டலிஸ்ட், ஆக்ஸிலரேட்டர் என்று இரண்டு குப்பி தருவார்கள். ஆக்ஸிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். ஒரே பெட்டியில்கூட வைக்காதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்கு.

காகிதம்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கடலுக்குப் போகிற படகுக்கு மீன்வளத்துறைப் பதிவு வேண்டும். படகின் பக்கத்தில் எழுதிய எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும், இன்ஜின் எண்ணும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பெயர் மாற்றும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். மீதியை அலுவலகத்துத் திண்ணையில் வைத்து எண்ணிக் கொடுப்பது எங்கள் வழக்கம், நல்ல வழக்கம்.

முகத்துவாரம் தாண்டுவது

எந்தப் படகாக இருந்தாலும் அதற்குச் சோதனை இங்கேதான். முகத்துவாரம் ஒரே இடத்தில் நிற்காது. மணல் தள்ளி மேடு மாறும், கோடையில் அடைத்துக்கொள்ளும். ஊர்க்காரர்களே கூடி மண்வெட்டியால் வெட்டித் திறந்த காலமும் உண்டு. போன மாதம் போன வழி இந்த மாதம் இருக்காது.

1. முந்தின நாள் தாண்டியவரிடம் வழி கேளுங்கள்.
2. ஏற்றம் முடியும் நேரத்தில் தாண்டுங்கள். வற்றத்தில் ஏரித் தண்ணீர் வெளியே பாயும். எதிரே கடல் காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும்பும். படகு கவிழ்வது பெரும்பாலும் அப்போதுதான்.
3. உள்ளே நின்று அலை எண்ணுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். அந்த ஓய்வில் இன்ஜினைக் குறைக்காமல் நேராக ஏறுங்கள்.
4. பக்கவாட்டில் அலை வாங்கவே கூடாது. பாதி வழியில் மனம் மாறித் திருப்புவதுதான் ஆபத்து. கிளம்பினால் போய்விடுங்கள்.
5. திரும்பி வரும்போது ஓர் அலையின் முதுகில் ஏறி, அதை முந்தாமல் பின்தொடருங்கள். முந்தினால் அணியம் குத்திக் கவிழும். ஐஸ் பெட்டியைப் பின்பக்கம் நகர்த்திவிடுங்கள்.
6. எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, கொக்கி போட்டு, உட்கார்ந்திருக்கவேண்டும். இருக்கைக்கு அடியில் இருக்கும் ஜாக்கெட் ஜாக்கெட் அல்ல.

விருந்தாளிகளை ஏற்றாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சுற்றிப் பார்க்க வந்த குடும்பம்; கொள்ளாத ஆள், ஒருவர் உடம்பிலும் ஜாக்கெட் இல்லை. அதற்குப் பிறகு உல்லாசச் சவாரி தடை செய்யப்பட்டது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்நூறு ரூபாயை நீட்டிக்கொண்டு வருவார்கள், கூடக் குழந்தை இருக்கும். நான் படகைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

இந்தச் சின்னப் படகோடு நான் கடலுக்குப் போவது அபூர்வம். போன வருஷம் மாசியில் ஒரு நாள் நண்டு வலைக்குப் போய்விட்டுத் திரும்பினால் வற்றம் தொடங்கியிருந்தது, அலை கூரை உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. கூட வந்த மச்சான் மகன், "போயிடலாம் மாமா, இன்ஜின் நல்லா இழுக்குது" என்றான். வெளியே நங்கூரம் போட்டு உட்கார்ந்தோம். ஐந்து மணி நேரம். சாயந்திரம் உள்ளே வந்தபோது ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது, கூட மாட்டிய கிழங்கான் மீனின் வயிறு மெத்தென்று ஆகிவிட்டது, ஏலக்காரர் பாதி விலைதான் கேட்டார். நண்டு மட்டும் உயிரோடு கூடையில் பிறாண்டிக்கொண்டிருந்தது.